பஸ் பிடிக்கிற பண்டிகை

மர்பி டவுன், பெங்களூர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் எரிக்குக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் கை காலோடு நலம், பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியின் வலது கால் தவிர. டொராண்டோவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். பஸ் ஸ்டாப்புக்குப் போக மெயின் ரோட்டைத் தாண்டும்போது கார் இடித்து அவள் கால் முறிந்தது என்று போனில் சொன்னேனே, அதற்குப் பிறகு ஆபீசர்கள் வந்து பார்த்தார்கள். இடித்த காரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை, நாம் தாண்டுகிற டிவைடர் இடைவெளியைக் கம்பி போட்டு அடைத்துவிட்டு மேலே ஸ்கைவாக் என்று நடைபாலம் கட்டுவார்களாம், அதுவரை ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சிக்னலுக்கு நடக்க வேண்டுமாம். இங்கேயே கோடு போட்டு ஒரு சிக்னல் வையுங்கள் என்றேன், வண்டிகள் தேங்கிவிடும் என்றார்கள். எழுபது படி ஏறி இறங்க என் முட்டி கேட்குமா, இடைவெளியை அடைத்துவிட்டால் என் தொம்மலூர் ஸ்கூல் ஆயா வேலை அன்றோடு போச்சு. நடக்கிறவள் ஏன் ஏற வேண்டும், காரில் போகிறவன் ஒரு நிமிஷம் நின்றால் என்ன கெட்டுவிடும்?

எனக்கு வந்த ஆத்திரத்தில், நேற்றுக் காலை மாதா தேருக்குப் பிடிக்கிற சிவப்பு வெல்வெட் குடையைக் சர்ச்சில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை கிளிஃபர்டிடம் கேட்டு வாங்கினேன். அந்தத் தேருக்கு மட்டும் எல்லா வண்டியும் நிற்கிறதே. குடைக்குக் கீழே ஊன்றுகோலோடு பாஞ்சாலி, பின்னால் வேலைக்குப் போகிற பெண்கள் பதினைந்து பேர், முன்னால் கிளிஃபர்ட் மணி அடித்துக்கொண்டு அந்த இடைவெளி வழியாக ரோட்டைத் தாண்டிப் போனான். இரண்டு பக்கமும் வண்டி நின்றது, ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டார். இது என்ன ஹப்பம்மா, எந்தப் பண்டிகை என்று ஒரு கன்னட ஆட்டோக்காரர் கேட்டார். பஸ் பிடிக்கிற பண்டிகை என்றேன். ஃபாதருக்குக் கோபம், குடை மாதாவுக்கு மட்டும்தானாம். மாதாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்து வரை ரோட்டில் போனவர்தானே, கார் வைத்திருந்தாரா என்றேன். குடையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். பூட்டட்டும். வெள்ளிக்கிழமை கம்பி போட வருகிறார்கள், அன்றைக்கு எதிர்வீட்டு முத்தம்மா அவளுடைய அம்மன் கோயில் குடையைக் கொண்டுவருகிறாள். நான் அந்த இடைவெளியில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன், ஸ்கூலுக்கு லீவு சொல்லியாகிவிட்டது.

நான் ரோட்டில் நடக்க வேண்டாம் என்று நீ என் போனில் வாடகைக் கார் கூப்பிடுகிற கேப் ஆப் போட்டுக் கொடுத்தாய், உன் பாசம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பாஞ்சாலிக்கு யார் போட்டுக் கொடுப்பார்கள்? பயந்து வீட்டில் உட்காரச் சொல்லாதே, அது மட்டும் என்னால் ஆகாது. குளிருக்குக் காதை மூடிக்கொள், ஞாயிறு பூசையை விடாதே, மாதா உன் போக்கிலும் வரத்திலும் கூடவே இருக்கட்டும். ஒன்றை மறக்காதே, கிறிஸ்துமஸுக்கு வரும்போது டிரைவரைச் சுற்றிவரச் சொல்லாமல் பஸ் ஸ்டாப் பக்கமே இறங்கு. ஸ்கூலுக்குக் கூட்டிப்போன மாதிரி நானே வந்து கையைப் பிடித்து, அதே இடத்தில் ரோட்டைத் தாண்டிக் கூட்டிவருகிறேன்.

உன்னை ஆசீர்வதிக்கும் அம்மா,
பெர்னதெத்