வெள்ளச்சிக்குக் காது கேட்காது, அண்ணா

என் அன்பு அண்ணா,

நீங்கள் போன பிறகு நாங்கள் எல்லோரும் தேறிவிட்டோம் என்று பொய் எழுத மாட்டேன். அழுகை குறைந்திருக்கிறது. அந்த இடத்தில் கோபம் வந்திருக்கிறது.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று டூங்கபியில் நம் வீடு நிறையச் சனம். சமைக்கக் குசினிக்குள் போன மாமியின் கால் விரலை உங்கள் செல்ல வெள்ளச்சி கடித்துவிட்டாள். "கீரியை வீட்டுக்குள்ள வச்சிருந்தா வேற என்ன செய்யும்? ஊசி போட்டு முடிச்சு விடுங்கோ," என்றார் மாமா. அது கீரி இல்லை, கீரி போலிருக்கும் ஃபெரெட் என்ற வளர்ப்புப் பிராணி என்று அவருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்!

மறுநாளே அவளை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அந்த வைத்தியர் வெள்ளச்சிக்குப் பின்னால் நின்று கை தட்டினார். இவள் திரும்பவே இல்லை. நெற்றியிலிருந்து பிடரி வரை ஓடும் அந்த வெள்ளைக் கோட்டுக்காகவே இவற்றை இணை சேர்க்கிறார்களாம். அந்தப் பரம்பரையில் செவிடாகப் பிறப்பது அதிகமாம். திடீரென்று தொட்டால் திடுக்கிட்டுக் கடிப்பாளாம். இவள் விளையாட்டாய்க் கடித்தபோது கூடப் பிறந்த குட்டிகள் வலியில் கத்தியதும் கேட்டிருக்காது. எவ்வளவு கடிக்கலாம் என்று அவள் எப்படிப் படிப்பாள்?

அவளைத் தூக்கும் முன் தரையில் காலால் தட்டுவீர்களே, அண்ணா. நாங்கள் சிரிப்போம். அதிர்வு தெரிந்து திரும்பட்டும் என்றா தட்டினீர்கள்? ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?

போன சனிக்கிழமை, அவளை உங்களுக்கு விற்ற பக்கத்து ஊர் பென்டில் ஹில்காரர் வந்தார்.

"தங்கச்சி, இந்த முகத்துக்கு நல்ல கிராக்கி. ஒருக்கா குட்டி போடட்டும். பிறகு நீங்களே வச்சிருங்கோ."

"குட்டியளுக்குக் காது கேக்குமோ?"

"வடிவைத்தானே சனம் கேக்குது. காதை ஆர் பாக்கினம்?"

"நான் பாப்பன். இவள் குட்டி போட மாட்டாள். நீங்கள் போயிட்டு வாங்கோ."

"வீட்டுக்கு வந்த மனிசனை இப்பிடியே அனுப்புறது?" என்றார் மாமா. "ஓம் மாமா, இப்பிடித்தான்," என்றேன்.

கருத்தடைக்கு நாள் எடுத்துவிட்டேன். முகத்துக்கு ஆசைப்பட்டு அவளை இப்படிப் பிறக்க வைத்தவர்களை யாரும் குறை சொல்லவில்லை, கடித்தவளுக்கு மட்டும் ஊசியா? விட மாட்டேன், அண்ணா. அவள் தன் ஆயுசு முடியும் வரை என்னோடு இருப்பாள். அவள் வயிற்றில் இன்னொரு செவிட்டுக் குட்டி பிறக்காது. இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் வாய்க்காரத் தங்கச்சி,
சுமதி