முதலில் வந்து நிற்கும் வரி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் நலம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது; வாயைப் பொத்திக்கொண்டே திரிகிறாள். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் உன் கிளை ஆஸ்பத்திரிக்குப் போகும் தபால் பையில் இதைப் போடுகிறேன். படிக்காமலே கிழிக்கும் புத்தியை இன்று ஒருநாள் ஒதுக்கி வை.

அப்பா இங்கே தலைமை ஆஸ்பத்திரியில்தான், மாடி வார்டில் இருக்கிறார். நான் கீழே பதிவுப் பிரிவில், நீ விட்டுப்போன அதே நாற்காலியில் உட்கார்ந்து நோயாளிகளின் விவரம் எடுத்துக் கொடுக்கிறேன். கம்ப்யூட்டரில் விவரம் தேடக் கொயரி எழுதும் எடிட்டர், இரண்டெழுத்து தட்டினால் மீதியைத் தானே எழுதிக் காட்டுமே, அதில்தான் வினை வந்தது. போன மாதம் ஒரு காலையில் ரத்தப் பரிசோதனைக் கணக்கு எடுக்கத் தொடங்கினேன். அது எடுத்த எடுப்பில் இறந்தவர்கள் பெயர் ஏறும் டேபிளை நீட்டியது. கூடவே ஒரு நோயாளி எண். அப்பாவின் எண்.

மாடிக்கு ஓடினேன். அப்பா பால் குடித்துக்கொண்டிருந்தார். ஏன் இப்படி மூச்சு வாங்குது என்று கேட்டார். லிப்ட் ஓடவில்லை என்று புளுகினேன்.

மறுநாளும் அதே வரி. பரிந்துரைகள் அகரவரிசையில் வரும்படி மாற்றினேன். பழையதை நினைவில் வைப்பதை செட்டிங்ஸில் அணைத்தேன். அந்த டேபிளையே விலக்கிப் பார்த்தேன். சாயங்காலம் வரை ஒழுங்காக இருக்கும். காலையில் வந்தால் நான் மாற்றியது எதுவும் இருக்காது, அந்த வரி மட்டும் இருக்கும். பக்கத்து சீட்காரி, கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்றுதான் சர்வர் பார்க்கிற அண்ணன் வந்து பார்த்தார். பேயுமில்லை பிசாசுமில்லை, உன் தம்பிதான் என்றார். எனக்கு வேலை பழக்கியபோது உன் செட்டிங்ஸை என்னுடையதோடு இணைத்துவிட்டாயாம். அங்கே நீ எடிட்டரைத் திறந்ததும் என்னுடையது அழிந்து உன்னுடையது வந்து உட்காருமாம். நீ கடைசியாகத் தேடியதுதான் எனக்கு முதலில் வருமாம்.

விஷயம் தெரிந்தால் பயம் போகும் என்று நினைத்தேன். கூடிவிட்டது. தினமும் காலையில் அந்த டேபிளின் வாசல்வரை வந்து, அப்பா போய்விட்டாரா என்று மட்டும் எட்டிப் பார்த்துத் திரும்புகிறவன் என் தம்பியா? கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. என் முகத்தில் முழிக்காதே என்று அப்பா உன்னிடம் சொன்னது நிஜம்தான். அதே வாய்தான் இப்போது என்னிடம், "அவன் வண்டிய மெதுவா ஓட்டுறானாமா?" என்று கேட்கிறது. ஆமாம்ப்பா என்று, உன்னிடம் பேசியவள் மாதிரி நானும் தலையாட்டுகிறேன்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை.

இணைப்பைத் துண்டித்துவிடவா என்று அந்த அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள எனக்கும் வேறு வழியில்லை.

நீ தேடும் வரி அந்த டேபிளில் இன்னும் ஏறவில்லை, கண்ணு. அதில் ஏற்றுகிற வேலையும் என்னுடையதுதான். என் கையால் அதை எழுத வைப்பதற்குள் வந்துவிடு.

மாடிக்கும் கீழுக்குமாக உன்னைப் பார்த்திருக்கும்,
அக்கா