திரைக்குள்ளிருந்து நீண்ட கை

சென்னை
12.1.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே ஹாஸ்டல் சாம்பாரைக் குடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறேன். நீங்கள், லத்திபா மச்சி, மகள் ஷர்மின் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் வீடே சுற்றி நின்று பதில் சொல்கிறது, அதனால்தான் கடிதம்.

உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். நாள்பட்ட ரத்தப்புற்று நம் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதுதான் என் மேற்படிப்புக்கான ஆய்வு. லட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவர் இருவருக்கு வரும் என்று புத்தகம் சொல்கிறது. அது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. இந்த நோய் வருடக்கணக்கில் உடம்புக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். வராதவர்களை யார் எண்ணினார்கள்?

அதனால் கம்பத்தில் வீடு வீடாக ரத்தம் எடுக்கப் போகிறோம். எனக்குப் பரீட்சை இருப்பதால் வர முடியாது. சூரியபிரகாஷ் என்ற டெக்னீசியன் தம்பி வருவார். நீங்கள் ஜமாத்தில் ஒரு வார்த்தை சொன்னால்தான் நம் தெருவில் கதவு திறக்கும். உங்கள் வாய்க்கு இருக்கும் மதிப்பு என் பட்டத்துக்கு இல்லை, சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

தங்கை,
பாஜிலா

கம்பம்
8.2.2004

அன்புத் தங்கை பாஜிலாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் வேலை முடிந்தது. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று, "மொதல்ல என் வீட்டுல எடுங்க, பெறகு உங்க வீட்டுக்கு வரட்டும்" என்றேன். அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. பெண்கள் எல்லோரும் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று கையை மட்டும் வெளியே நீட்டினார்கள். உன் சூரியபிரகாஷ் தலையே நிமிரவில்லை, நல்ல பையன்.

நம் வீட்டில் நானும் லத்திபாவும் கொடுத்தோம். தோட்டத்து வேலைக்கு வரும் அய்யம்மாளும் கொடுத்தாள். ஷர்மினைக் கொடுக்க விடவில்லை. உத்தமபாளையம் ஷரீப் மகன் ஆசாத்துக்கு அவளைக் கேட்கிறார்கள். பெண்ணுக்கு ரத்தம் எடுத்தார்கள் என்று காதில் விழுந்தால், என்ன குறை என்று ஆயிரம் கேள்வி வரும். நீ படித்தவள், உனக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

பிள்ளை கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு முட்டுகிறது என்கிறாள். கல்யாண நினைப்புதான் என்கிறாள் உன் மச்சி. பன்னீர் திராட்சைக்கு இந்தத் தடவை நல்ல விலை. கொடிகளைக் கவாத்து வெட்டும் வேலையை அடுத்து ஆரம்பிக்க வேண்டும்.

துஆவுடன்,
ராஜா முகம்மது

சென்னை
27.2.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். நம் தெருக்களில் எடுத்த ரத்தத்தில் ஒன்று மட்டும் சரியில்லை. அய்யம்மாளுடையது. வெள்ளை அணு பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. நானே மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

முறைப்படி அவளிடம்தான் இதைச் சொல்ல வேண்டும். வாசிக்கத் தெரியாதவளுக்குத் தபாலில் எப்படிச் சொல்வேன்? அதனால் உங்களை நம்பி எழுதுகிறேன். இடது பக்க வயிறு கனக்கிறதா, தூக்கத்தில் வேர்த்துக் கொட்டுகிறதா, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்புகிறதா என்று கேளுங்கள். உடனே சென்னைக்கு அனுப்புங்கள். இப்போது இதற்கு மாத்திரை வந்திருக்கிறது. இலவசமாகவே வாங்கித் தருகிறேன். தினமும் சாப்பிட்டால் பல வருடம் நன்றாக இருக்கலாம். சாப்பிடாமல் விட்டால் ஒருநாள் திடீரென்று முற்றும். அப்புறம் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

நம் தோட்டத்தில் அடிக்கிற மருந்தால் வந்ததா என்று கேட்பீர்கள். தெரியாது அண்ணா. ஒருத்தியை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பாஜிலா

கம்பம்
8.3.2004

தங்கை பாஜிலாவுக்கு,

உன் கடிதம் வந்தது. அய்யம்மாள் கேரளாப் பக்கம் ஏலத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். எந்த எஸ்டேட் என்று தெரியவில்லை. வந்ததும் சொல்கிறேன்.

மெஷின் தப்பாகச் சொல்லாதா? இந்த நோய் எத்தனை மாதம் பொறுக்கும்? மாத்திரையைக் கொஞ்சம் தள்ளி ஆரம்பித்தால் என்ன ஆகும்? இது இருக்கிற பெண் கல்யாணம் கட்டலாமா, பிள்ளை பெறலாமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன் ஆய்வில் ஊர் பெயரைப் போடாதே. கம்பத்துப் பெண்களுக்கு ரத்தத்தில் நோய் என்று கிளம்பினால், நம் தெருவில் எந்த மாப்பிள்ளை கால் வைப்பான்? ஷர்மினுக்கு மே மாதம் நிக்காஹ் பேசி முடித்தாகிவிட்டது. நீ சந்தோஷப்படுவாய் என்று நினைக்கிறேன்.

ராஜா முகம்மது

சென்னை
16.3.2004

அண்ணனுக்கு,

அய்யம்மாளுக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். அப்படிப்பட்டவள் கல்யாணம் கட்டலாமா என்று ஏன் கேட்டீர்கள்? அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. சூரியபிரகாஷை மறுபடி அனுப்பினேன். அவள் எந்தக் கேரளாவுக்கும் போகவில்லை, ஓடைப்பட்டியில் தங்கச்சி வீட்டில்தான் இருக்கிறாள்.

"நான் எங்கன தம்பி ரத்தங் குடுத்தேன்? அன்னைக்கு இங்கன திராட்ச வெட்டுல கெடந்தேன். மொதலாளியம்மாதான் கொஞ்ச நாளைக்குக் கம்பத்துப் பக்கம் வராதன்னு சொன்னாக" என்றாளாம். அவளிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். சுத்தமாக இருக்கிறது.

திரைக்குள்ளிருந்து நீண்டது யார் கை அண்ணா? லத்திபா மச்சி தன் பெயரில் கொடுத்துவிட்டார். வீட்டில் இன்னொரு பெண் யார்? சிறுவயசுக் கை மாதிரி இருந்தது என்கிறார் சூரியபிரகாஷ். பிள்ளை மெலிகிறாளே என்று உங்களுக்குப் பயம். என்னவென்று தெரியவும் வேண்டும், ஊருக்குத் தெரியவும் கூடாது. அதற்காக வேலைக்காரியின் பெயரைப் போட்டீர்கள். அவள் பெயருக்கு ஊரில் விலை இல்லை என்று நினைத்துவிட்டீர்கள்.

என் ஆய்வுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அய்யம்மாள் பெயரை அடித்துவிட்டு ஷர்மின் பெயரை எழுதினாலும் கம்பத்தில் ஒருவர்தான். எண்ணிக்கை மாறாது. ஆனால் நான் தூக்கி வளர்த்த பிள்ளை அண்ணா அவள். நிக்காஹ் முடிந்து அவள் உண்டாகிவிட்டால் அந்த மாத்திரையைக் கொடுக்க முடியாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அப்போது இரண்டு உயிரில் எதைப் பார்ப்பீர்கள்?

நிக்காஹை நிறுத்தச் சொல்லவில்லை. தள்ளிப்போடுங்கள். நானே உத்தமபாளையம் வந்து ஷரீப் மாமாவிடம் பேசுகிறேன். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

பாஜிலா

கம்பம்
22.3.2004

பாஜிலாவுக்கு,

மே 9, ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பத்திரிகை அனுப்பியிருக்கிறேன். பெண்ணுக்கு மாமியாக வந்தால் வா. டாக்டராக வராதே.

எல்லாம் முடிந்தபிறகு மருமகனிடம் நானே பக்குவமாகச் சொல்லி வைத்தியம் பார்ப்பேன். என் மகளை நான் சாகவிட மாட்டேன். கல்யாணம் நின்ற பெண்ணாக வீட்டில் உட்காரவும் விட மாட்டேன். ஷர்மினுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது. இனிமேல் இதைப் பற்றி எழுதாதே. போனும் பண்ணாதே.

ராஜா முகம்மது

சென்னை
30.3.2004

கண்ணே ஷர்மின்,

இது உன் மாமி எழுதுவது. தபாலில் போட்டால் உன் கைக்கு வராது. சூரியபிரகாஷ் அய்யம்மாளிடம் கொடுப்பார், அவள் உன்னிடம் தருவாள். பெயரைப் பறிகொடுத்தவளுக்கு எல்லாம் தெரியும். "புள்ளக்கித்தானே எம் பேரக் குடுத்தாக, போகுது. நான் கொண்டு போறேன்" என்று சொன்னாளாம்.

உட்கார்ந்து படி. அன்றைக்கு உன் கையில் எடுத்த ரத்தத்தில் ஒரு நோய் தெரிகிறது. ரத்தப்புற்று. பயப்படு, அழு, பரவாயில்லை. நானும் அழுதேன். ஆனால் இது மருந்துக்குக் கட்டுப்படும் நோய். இப்போதே ஆரம்பித்தால் கட்டுப்படும். உன் வயிறு முட்டுவது கல்யாண நினைப்பால் இல்லை.

உன் அத்தா கெட்டவர் இல்லை. உன் மேல் உயிரையே வைத்திருக்கிறார். அந்த உயிரை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியாமல் தவறான கதவைப் பூட்டிவிட்டார். இந்தக் கடிதத்துக்குப் பிறகு அவர் என் முகத்தில் விழிக்க மாட்டார். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆசாத்திடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். கட்டிக்கொள்வதும் உன் இஷ்டம். உன் உடம்பைப் பற்றி உன்னைத் தவிர எல்லோரும் முடிவு செய்தாகிவிட்டது, நீ இன்னும் செய்யவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் தேனி பஸ் ஸ்டாண்டில், மதுரை பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன். நீ வரவில்லை என்றால் மறுநாளும் வந்து நிற்பேன்.

உன் மாமி,
பாஜிலா