ரத்த ஜாமீனும் பக்கத்து மிஷினும்

அக்கா,

ஜவ்வாது வாடை இன்னும் கடையை விட்டுப் போகவில்லை. ஃபேனை முழு வேகத்தில் வைத்தும் துணிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. காலையில் என் அண்ணன் வந்திருந்தான். வந்தவன் நேராக உங்கள் தையல் மிஷினுக்கு முன்னால் கிடக்கிற ஸ்டூலை இழுத்தான். "அதுல உக்காராதீங்க" என்றேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது, அதில் நான்கூட உட்காருவதில்லை. நேரில் 'நீங்க' என்றுதான் பேசினேன். உங்களுக்கு எழுதும்போது அவனுக்கு அவ்வளவு மரியாதை வரமாட்டேன் என்கிறது.

மகளை நர்சிங் சேர்க்கப் போகிறானாம். பேங்கில் லோன் கேட்டிருக்கிறான். வீட்டை ஏற்கெனவே எதற்கோ அடமானம் வைத்துவிட்டதால் வேறு ஒருத்தர் ஜாமீன் நிற்க வேண்டும். ஃபாரத்தை உங்கள் மிஷின் மேல் விரித்துவைத்து, "அடுத்த ஆளு எதுக்குத்தா? நீ என் ரத்தம்ல? சும்மா ஒரு கையெழுத்து" என்றான். அவன் பூசியிருந்த ஜவ்வாது முகத்தில் அடித்தது.

என் மகனைத் திருவிழா அடிதடியில் பத்தோடு பதினொன்றாகப் பிடித்துப்போனார்களே, அப்போதும் இதே ஜவ்வாதுதான். ஜாமீன் கிடைத்தும் பிள்ளை வெளியே வர முடியவில்லை. இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், அதில் ஒருத்தர் ரத்த சம்பந்தமாக இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். வீட்டு வரி ரசீதும் கேட்டார்கள். நானோ வாடகை வீட்டில் தனியாளாக இருந்தேன். ரத்தமும் ரசீதும் சேர்ந்து இருந்தது தாய்மாமன் ஒருத்தனிடம்தான். காதுகுத்தில் என் பிள்ளையை மடியில் உட்காரவைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தவன்தானே. நீங்களும் கூட வந்தீர்கள். நம்மை வாசலோடு நிறுத்தி, "கோர்ட்டு கச்சேரின்னு என்னைய இழுக்காதத்தா. இவன் வாய்தாவுக்கு வராட்டி என் வீட்டுலல்ல வந்து நிப்பாக" என்றான்.

அந்த வீடு! அப்பா போனபிறகு எனக்கும் அதில் பாதி இருந்தது. அண்ணன்தானே என்று சல்லிக்காசு வாங்காமல் எழுதிக்கொடுத்தேன். அப்படி எழுதிக்கொடுப்பதற்கு ரிஜிஸ்தர் ஆபீசில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். அவனுக்கு நான் விடுதலை எழுதிக்கொடுத்த வீட்டு வாசலில் நின்றுதான் என் பிள்ளையின் விடுதலையைக் கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த வாசலில் காறித் துப்பத் தோன்றுகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள்தான் பேச்சை மாற்றினீர்கள். "ரத்தந்தான வேணும்? நான் ஓ பாசிட்டிவ். ஆவூரு கோயில் ரத்ததான கேம்புல குடுத்த கார்டு இருக்கு, ஜட்ஜையாகிட்ட நீட்டவா?" அழுதுகொண்டே சிரித்தேன்.

ரசீது இல்லாவிட்டாலும் தாயை ஏற்க வேண்டும் என்று வக்கீல் மறுபடி மனுப் போட்டார். ரத்தத்துக்கு நானும் ரசீதுக்கு நீங்களுமாகப் புதுக்கோட்டைக் கோர்ட்டில் நின்றோம். அதற்குள் பிள்ளை ஒரு வாரம் கூடுதலாக உள்ளே கிடந்தான். "பையன் உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஜட்ஜ் கேட்டார். நீங்கள் திருதிருவென்று விழித்துவிட்டு, "அவுக அம்மாவுக்குப் பக்கத்து மிஷினுங்கய்யா" என்றீர்கள். கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் மட்டும் சிரிக்காமல் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது வக்கீல் பிணை, ஜாமீன், ஷ்யூரிட்டி எல்லாம் ஒன்றுதான் என்றார். "பிணைன்னா கட்டிப்போடுறதுல்ல? ஒருத்தன அவுத்துவிட இன்னொருத்திய கட்டிப்போடுறாக" என்றீர்கள். பிறகு வழக்கு முடிகிறவரை, வாய்தா இருக்கிற காலையெல்லாம் என் மகனுக்கு நீங்களே போன் போட்டு எழுப்பினீர்கள். 'சும்மா ஒரு கையெழுத்து' என்று உங்கள் வாயில் வந்ததே இல்லை.

இப்போது மகன் சிங்கப்பூரில் சம்பாதித்து என் பேரில் இரண்டு அறை கட்டிவிட்டான். என் பேரிலும் ஒரு வரி ரசீது வந்துவிட்டது. உடனே என் உடம்பில் ஓடுவது தன் ரத்தம் என்று அண்ணனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஃபாரத்தில் 'உறவுமுறை' என்ற இடத்தில் 'இரத்த உறவு' என்று அவனே எழுதிக்கொண்டு வந்திருக்கிறான், வெட்கமில்லாமல்.

அவனுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் அக்கா, அவன் மகள் அந்தப் பிள்ளை என்ன செய்தாள்? நாம் வாசலில் நின்ற அன்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தவள் அவள்தான். அவள் அப்பா முறைத்தும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள். வாங்கிக் குடித்தவர் நீங்கள். நான் தொடவில்லை.

"நீங்க போங்க. நாளைக்குப் பிள்ளைய அனுப்புங்க" என்று சொல்லி ஃபாரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அவன் போனதும் மண்ணெண்ணெய்த் துணியால் உங்கள் மிஷினைத் துடைத்தேன். 'இரத்த உறவு' என்று எழுதியிருந்ததைப் பேனாவால் அடித்தேன்.

நாளைக்கு அவள் வந்ததும் உங்கள் ஸ்டூலில் உட்காரச் சொல்வேன். அவள் உட்கார்ந்த பிறகு கையெழுத்துப் போடுவேன்.