பெரிய கல்லைத் தாண்டியபோது தலைகீழான அடுக்கு

காப்பிட்,
ஆகஸ்ட் 21, புதன்கிழமை.

என் தங்கம் செனியாவுக்கு உன் பாட்டி செண்டி எழுதுவது. இங்கே நான், உன் லிங்கிர் மாமா, மாமி, இரண்டு பன்றி, யாரையும் தூங்கவிடாத அந்தக் கிழட்டுச் சேவல், எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் பினாங்கில் அப்படித்தான் இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கும். மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. கோபம் மாமா மேல்தான் என்று தெரியும், ஆனால் இந்த வீட்டில் இருப்பது ஒரே போன், அதனால் எனக்கும் சேர்த்துத் தண்டனை கொடுக்கிறாய் கண்ணு. பிந்துலுவிலிருந்து உன் அம்மா கூப்பிட்டு, நீ அவளுக்கு எழுதியதைப் படித்துக் காட்டினாள். வருகிற முப்பதாம் தேதி உன்னை வேலையில் நிரந்தரம் செய்யப் போகிறார்களாம், நீ அன்றைக்கே விலகல் கடிதம் கொடுக்கப் போகிறாயாம். கம்ப்யூட்டர் படிப்பில் முதல் வருசம் சொல்லிக் கொடுக்கிற அடுக்கையே தப்பாக எழுதியவளுக்கு ஆயிரம் பேர் பயன்படுத்துகிற புரோகிராமை எழுத என்ன தகுதி என்று கேட்டிருக்கிறாய். அதனால் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. அந்தக் கடிதத்தைக் கொடுக்காதே. மாமா படகில் சாமான் ஏற்றி இறக்க நீ எழுதிக் கொடுத்த புரோகிராமில் தப்பு இல்லை. தப்பு எங்கே நடந்தது என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் சொல்வதை எப்படி நம்புவது என்று நினைத்தால் கடைசி வரை படி, படித்துவிட்டு உன் ஆபீஸில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

அந்தத் தடவை என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது, மாமா கத்தியது மட்டும்தான் உன் காதில் விழுந்தது. அவன் படகில் முப்பத்தாறு கட்டு, லாஞ்சான் வீட்டுக்குப் பன்னிரண்டு, எந்தாலாய் வீட்டுக்குப் பன்னிரண்டு, ஆற்றின் மேல்கோடியில் இருக்கிற பாசாங் வீட்டுக்குப் பன்னிரண்டு. அந்தக் கணக்கு மாறவே மாறாது, மாறினால் மூன்று வீட்டுக்காரர்களும் சண்டைக்கு வருவார்கள். தண்ணீர் தெறிக்கும் என்று எல்லாக் கட்டையும் ஒரே நீலத் தார்ப்பாயில் சுற்றுவதால் வெளியே பார்த்தால் எது யாருடையது என்று தெரியாது. அதற்காகத்தானே முன்பெல்லாம் லாஞ்சானுக்குச் சிவப்புத் துணி, எந்தாலாய்க்கு மஞ்சள், பாசாங்குக்குப் பச்சை என்று முடிச்சுப் போடுவான். நீ புரோகிராம் அனுப்பியதும் துணியை விட்டுவிட்டான், போனுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று ஊரெல்லாம் பெருமை வேறு. படகுத்துறையில் நானும் நின்று பார்த்தேன், போன் சொன்னபடியே பாசாங் கட்டுகள் முதலில் அடியில் போயின, நடுவில் எந்தாலாய், லாஞ்சான் கட்டுகள் மேலே. அப்படி ஏற்றிக்கொண்டு போனவன் லாஞ்சான் வீட்டில் மேலே இருந்த பன்னிரண்டை இறக்கிக் கொடுத்தான். லாஞ்சான் கேட்டிருந்தது மிளகுக் கொடிக்கு உரமும் கூரை ஆணியும். இந்தத் தடவை உரம் லேசாக இருக்கிறதே என்று அவர் வீட்டு ஆண்கள் சந்தோசமாகத் தூக்கிக்கொண்டு போனார்களாம், ஒருத்தனாவது பிரித்துப் பார்க்கவில்லை. உள்ளே இருந்தது பாசாங் வீட்டுக் கல்யாணச் சாமான். அடுக்கு கேக் பதினெட்டு, கண்ணாடித் தம்ளர், பெண்ணுக்குப் பட்டுத்துணி. பிரித்த பிறகு, யாரோ நமக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் கேக்கில் பாதியைத் தின்றே முடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் கல்யாண வீட்டில் அரிசிக்கள் பானையெல்லாம் வரிசையாக வைத்து, மூங்கிலில் கோழி வேகவிட்டு, ஊரே உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையின் அப்பா எல்லோர் முன்னாலும் கட்டைப் பிரித்தால் உரம். நம்முடையது மாதிரியே ஒரே கூரைக்கு அடியில் குடும்பத்துக்கு ஒரு கதவாக நாற்பது கதவு உள்ள நீள வீடு, நாற்பது கதவிலிருந்தும் சிரிப்பு. லிங்கிர், பொண்ணை நட்டு வளர்க்கச் சொல்றியா என்று கேட்டார்களாம். அந்த வெட்கத்தோடு திரும்பி வந்துதான் உன்னைக் கூப்பிட்டுக் கத்தினான்.

அவன் சொன்னது எனக்கும் கேட்டது, நான் அடுப்படியில்தான் இருந்தேன். "ஆத்தை மறந்துட்டுப் போனவ எழுதினது ஆத்துக்கு எப்படி ஆகும்" என்றான். அதற்கு நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை, சோற்றைத் தட்டில் போட்டுத் தள்ளிவிட்டேன். அவனுக்கு வலித்தது, வலித்தவன் கையில் கிடைத்ததை எறிவான், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஆனால் நீ அதை வாங்கி நெஞ்சில் குத்திக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கி அந்த இரண்டு எங்கே போச்சு என்று அழுதவள், அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

புரோகிராமோடு நீ நம் மொழியில் எழுதி அனுப்பிய நாலு தாள் இருந்ததே, மாமா அதைப் படிக்காமல் வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்தான். நான் எடுத்துப் படித்தேன். எழுத்துக் கூட்டி ஒரு தாளுக்கு ஒரு நாள் ஆச்சு, ஆனாலும் நீ எழுதுகிற விதத்தில் புரிந்துவிட்டது. அடுக்கு என்றால் மேலே வைக்கலாம், மேலே இருந்து எடுக்கலாம், நடுவில் கைவிடக் கூடாது. கடைசியாக வைத்தது முதலில் வரும், முதலில் வைத்தது கடைசியில் வரும். எடுக்காமல் மேலே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எடுக்கும் முன்னால் காலியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், வைக்கும் முன்னால் நிறைந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவுதானே? இதற்கு மூன்று வருசம் படிப்பா என்று முதலில் நினைத்தேன், மன்னித்துக்கொள். போனை எடுத்து நானே அமுக்கிப் பார்த்தேன், முப்பத்தேழாவது கட்டை வைக்கப் பார்த்தேன், இடமில்லை என்று சொல்லிவிட்டது. உன் மாமா கூட அவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டான், யாராவது கெஞ்சினால் ஏற்றிக்கொண்டு படகை முக்கால்வாசி முழுகடிப்பான்.

எனக்கு உறுத்தியது ஒன்றே ஒன்றுதான். லாஞ்சானுடையது பாசாங்குக்குப் போச்சு, பாசாங்குடையது லாஞ்சானுக்குப் போச்சு, எந்தாலாய் வீட்டுக்கு மட்டும் அவர்கள் சாமான் ஒரு ஆணி குறையாமல் போய்ச் சேர்ந்தது எப்படி? புரோகிராம் குழம்பியிருந்தால் மூன்றும்தானே குழம்ப வேண்டும். துறையில் சரியாக ஏற்றியதை என் கண்ணால் பார்த்தேன். அப்படியென்றால் வழியில் யாரோ அடுக்கைத் தலைகீழாகப் புரட்டியிருக்கிறார்கள். பாய் விரித்து உட்கார்ந்து பிஸ்கட் டின், பால்பவுடர் டின், காப்பி டின் மூன்றையும் எடுத்தேன். பிஸ்கட்டு லாஞ்சான், மேலே. பால்பவுடர் எந்தாலாய், நடுவே. காப்பி பாசாங், அடியில். இதை எங்கே புரட்டுவான் என்று யோசித்துக்கொண்டே இருந்தபோதுதான் லாஞ்சான் வீட்டுக்கு முன்னால் வருகிற பெரிய கல் ஞாபகம் வந்தது.

நீ எப்போதும் பள்ளிக்கூட விடுமுறையில், டிசம்பரில்தான் அங்கே போயிருக்கிறாய். அப்போது ஆறு நிறைந்து ஓடும், பெரிய கல்லில் பாறையெல்லாம் தண்ணீருக்கு அடியில், படகு நேராக மேலே ஏறிப் போய்விடும். ஆகஸ்டில் பாறை பல்லைக் காட்டும் கண்ணு. கீழே பாறையில் எல்லாக் கட்டையும் இறக்கி, தோளில் சுமந்து மேலே கொண்டுபோய் வைத்து, காலிப் படகைக் கயிறு கட்டி இழுத்து, மறுபடி ஏற்ற வேண்டும். டின்னை வைத்துச் செய்து பார்த்தேன். படகிலிருந்து கீழ்ப் பாறைக்கு இறக்கினால் பிஸ்கட்டு அடியில் போய் காப்பி மேலே வருகிறது. கீழ்ப் பாறையிலிருந்து மேல் பாறைக்குச் சுமந்தால் காப்பி அடியில் போய் பிஸ்கட்டு மேலே வருகிறது, பழையபடி சரி. ஆனால் மேல் பாறையிலிருந்து படகுக்கு ஏற்றும்போது மூன்றாம் தடவை புரள்கிறது, பிஸ்கட்டு அடியில், காப்பி மேலே. நடுவில் இருக்கிற பால்பவுடர் எத்தனை புரட்டினாலும் நடுவிலேயே இருக்கிறது! எந்தாலாய் தப்பித்தது அதனால்தான். முன்பெல்லாம் துணி கட்டியிருந்ததால் எப்படிப் புரண்டாலும் யாருக்கும் கவலை இல்லை, நாற்பது வருசமாக இந்தப் புரட்டல் யார் கண்ணிலும் படவில்லை.

மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பெரிய கல்லில் என்ன செய்தாய் என்று கேட்டேன், எப்பவும் செய்றதுதான் என்றான். செய்து காட்டு என்று டின்னைக் கையில் கொடுத்தேன். ஒரு தடவை செய்தான். சரியாகச் செய்யவில்லையோ என்று இரண்டாவது தடவை செய்தான். பிறகு அடியில் கிடந்த பிஸ்கட் டின்னை உருவிக் கையில் எடுத்தான். "போனுக்குப் பாறை தெரியாதேம்மா, நான்தானே சொல்லியிருக்கணும்" என்றான். எழுந்து பன்றிக்குத் தீனி வைக்கப் போய்விட்டான், அன்றைக்கு அதுகளுக்கு இரண்டு தடவை தீனி.

போன சனிக்கிழமை அடுத்த லோடு. நானும் வருவேன் என்றேன். முழங்கால் என்னாகும் என்று மாமியும் அவனும் சேர்ந்து கத்தினார்கள், என் முழங்கால் என் பாடு என்று படகில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பாறை மேல் ஒரு கையில் கோல், ஒரு கையில் உன் நாலு தாள். இந்தத் தடவை மேல் பாறையில் ஒரே குவியலாக வைக்க விடவில்லை, வீட்டுக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி மூன்று குவியல் வைக்கச் சொன்னேன். ஏற்றும்போது பாசாங் முதலில், லாஞ்சான் கடைசியில். சுமக்கிறவர்கள், கிழவி கப்பல் கேப்டன் ஆயிட்டா என்று சிரித்தார்கள், சிரிக்கட்டும். லாஞ்சான் மனைவி கரையிலேயே நின்று, இந்தத் தடவையும் கேக் உண்டா என்று கேட்டாள். எல்லோர் முன்னாலும் கட்டைப் பிரித்துக் காட்டினோம். அவள் கேட்ட வலையும் சட்டியும் மண்ணெண்ணெய் விளக்கும் இருந்தன. எந்தாலாய் சரி. பாசாங் வீட்டில் அந்தப் புதுப்பெண்ணே இறங்கி வந்து மூக்கை வைத்து மோந்து பார்த்து, உரம் இல்லை பாட்டி, என்று சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு மாமா என்ன செய்தான் தெரியுமா, காலிப் படகில் உட்கார்ந்து இன்னொரு தடவை எடு என்று அமுக்கினான். உன் போன், படகில் ஒன்றும் இல்லை என்று மரியாதையாகச் சொன்னது. என்னிடம் காட்டி, "இல்லாததை எடுக்க மாட்டேங்குதும்மா, உன் பேத்தி எல்லாத்தையும் யோசிச்சிருக்கா" என்றான். அவன் வாயிலிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்காதே, அவனுக்கு அதுவே பெரிய பேச்சு.

இப்போது உன்னிடம் ஒரு வேலை கேட்கிறேன், வேலையை விடுகிறவளிடம் கேட்க முடியாது, அதனால் விடாமல் இருந்து செய்து கொடு. புரோகிராமில் 'கல் தாண்டியாச்சு' என்று ஒரு பொத்தான் வை. அவசரத்தில் ஒரே குவியலாக வைத்துவிட்டாலும் அதை அமுக்கினால் போனுக்குள் இருக்கிற அடுக்கும் புரள வேண்டும். ஒரு அடுக்கிலிருந்து எடுத்து எடுத்து இன்னொரு காலி அடுக்கில் வைத்தால் தானாகத் திரும்பிவிடுகிறது, டின்னில் செய்து பார்த்துவிட்டேன், போனுக்குள்ளும் அப்படித்தானே? டிசம்பரில் அந்தப் பொத்தான் வேண்டாம், தண்ணீர் நிறைந்திருக்கும்.

தப்பு பாதி மாமாவுடையது, பாறையைச் சொல்லவில்லை. பாதி உன்னுடையது, கேட்கவில்லை. அடுக்கு மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்காமல் விட்டதற்கு வேலையை விடுவார்களா, அடுத்த தடவை கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சோறு நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் நூடுல்ஸைத் தின்று காலம் தள்ளாதே, இருமல் இருந்தால் உன் அம்மா கொடுத்த தேனை எடு, தலை காயாமல் படுக்காதே.

இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் நம் பக்கத்துக் கதவு ரெம்பி டீச்சர் கையில் கொடுத்திருக்கிறேன், நாளைக்கு விமானத்தில் வருகிறாள், நேராக உன் அறைக்கே வந்து தருவாள். பொட்டலத்தில் மிளகும் கருவாடும் நான் வைத்தது. கட்டி முடித்த பிறகு மாமா வந்து மறுபடி பிரித்து, சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்று துணியையும் துவைத்து மடித்து மேலே வைத்தான். எதற்கு என்று கேட்டேன். "எனக்கு இனிமே வேண்டாம், அவகிட்டயே இருக்கட்டும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூப்பிடு. மாமா ஏதோ வேலையாக வந்ததுபோல் போன் பக்கத்திலேயே நிற்பான், நீதான் முதலில் பேச வேண்டும். முப்பதாம் தேதி அவர்கள் நீட்டுகிற தாளில் உன் பேரை அழகாகக் கையெழுத்துப் போட்டு வா. ஆறு உன்னைக் காக்கட்டும், போகிற இடமெல்லாம் உன் கை ஓங்கட்டும், நோய் நொடி உன் பக்கம் வராதிருக்கட்டும்.

உன்னைத் தூக்கி வளர்த்த,
பாட்டி செண்டி