ஒரு நம்பர் குறைச்சல்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். குளத்தில் தண்ணீர் எக்சர்சைஸ், மூன்றாவது வாரம். நானும் என் ஓரகத்தி பார்வதியும். மொத்தம் பதினோரு கிழவிகள்.

டீச்சர் மெய் லிங் சின்னப் பிள்ளை. இன்று புது விதி போட்டது. ஜோடியாக நின்று ஒருவரையொருவர் நம்பர் கேட்க வேண்டுமாம். சும்மா இருந்தால் பூஜ்யம், இனி முடியவே முடியாது என்றால் பத்து. ஐந்து சரி. குறைந்தால் வேகம் கூட்டு. ஏழு என்றால் நிறுத்து. பார்வதி சாப்பிடும் இதய மாத்திரை நாடியை ஏறவிடாதாம். அதனால் அவளுக்கு நாடி பார்த்துப் பயனில்லை, வாயால் சொல்லும் நம்பர்தான் கணக்கு என்று இரண்டு தடவை சொன்னது.

எனக்கு மூச்சு வாங்கியது. உண்மையில் ஆறு இருக்கும். மூன்று என்றேன். இருபத்தெட்டு வருஷம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் லைன் லீடர், ஒரு சின்னப் பிள்ளை முன்னால் இளைக்கவா?

பார்வதி, "எனக்கு ரெண்டுதான்கா" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

தூறல். வாங்க வேண்டியது: கடுகு, பல்பு, கொழுந்தனுக்குத் தைலம்.

நான் மூன்று. அவள் இரண்டு. இரண்டா என்று டீச்சர் அவள் கையில் நுரைக்கட்டை கொடுத்து தண்ணீருக்குள் வேகமாகத் தள்ளச் சொன்னது. தள்ளினாள். பிறகு கடையில் மைலோ. கப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். "குளிருதுக்கா, வேற ஒன்னுமில்ல." விட்டுவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

எழுத வரவில்லை. குளத்துப் படியில் ஏறும்போது பார்வதி சாய்ந்தாள். உதடு வெளுத்து. மாரடைப்பு என்கிறார்கள். டீச்சர் பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதது, தப்பு தன்னுடையது என்று. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 11, புதன்

வார்டு. கொழுந்தன் மூலையில் தலை குனிந்து.

தூக்கமில்லாமல் யோசித்தேன். அவள் வீட்டுக்கு வந்து நாற்பது வருஷம். மீனில் நடுத்துண்டு எனக்கு, வால் அவளுக்கு. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயில் படியில்கூட எனக்கு ஒரு படி பின்னால்தான் ஏறுவாள். எனக்குக் காய்ச்சல் என்றால் தனக்கு வெறும் தலைவலி என்பாள். மரியாதை என்று நினைத்துச் சுகமாக வாங்கிக்கொண்டேன். நான் மூன்று என்றால் அவள் வேறு என்னதான் சொல்வாள்? நான் ஆறு என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் ஐந்து என்றாவது சொல்லியிருப்பாள். கட்டையைக் கொடுத்திருக்க மாட்டார்கள். என் வீம்பு.

ஜூன் 12, வியாழன்

மதியம். பார்வதி முகம் முழுக்க வியர்வை. நர்ஸ் நம்ம பிள்ளைதான், தமிழ் பேசியது. "ஆன்ட்டி, வலி எத்தன? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

பார்வதி நர்ஸைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். வாய் "ரெண்டு" என்று சொல்லக் குவிந்தது. காலையிலும் அதைத்தான் சொன்னாளாம், ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குப் பத்து, பார்வதி."

பொய் இல்லை.

என் கையை இறுக்கினாள். கண் நிறைந்துவிட்டது.

"அப்ப எனக்கு ஒம்போதுக்கா."

நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடியது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் கொழுந்தனும் நடைவழியில். அவளுடைய நீச்சல் தொப்பி இன்னும் என் பையில்தான் கிடக்கிறது. மணி நாலே கால். இன்னும் யாரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை.