காவடிக்குப் பேர் கேட்டு வந்தால்

நிரோஷி அப்பா,

ரப்பர் பால் வெட்டிட்டு வந்ததும் சாப்பிடுங்க. சோறும் பலாக்காய்க் கறியும் மூடி வச்சிருக்கேன். நான் இரத்தினபுரி கிளினிக்குக்குப் போறேன். உங்க மருந்துக் கொப்பியையும் எடுத்துக்கிட்டேன்.

பயத்துக்குக் குடுத்த குளிசை எல்லாம் பழைய பால் வாளிக்குள்ள கிடந்துச்சு. எட்டு நாளா நீங்க போடல. மார் பெருத்ததுக்கு அதுதான் காரணம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. மருந்துக் கடை புவாட் நானாகிட்ட உங்க பேரைச் சொல்லாமக் கேட்டேன். சில பேருக்கு அப்படி வரலாமாம், வேற காரணமும் இருக்கலாமாம், டாக்டர்தான் பார்த்துச் சொல்லணுமாம். ஆனா திடீர்னு நிப்பாட்டவே கூடாதாம்.

போன தடவை நிப்பாட்டினப்ப கதவை உடைச்சுத்தான் உங்களை வெளிய தூக்கினோம்.

கோயில் தலைவர் காவடிக்குப் பேர் எழுத வருவாரு. இந்த வருஷம் எடுக்கலன்னு மட்டும் சொல்லுங்க. சட்டையைக் கழட்டணுமேன்னு நீங்க ஒதுங்குறது அவருக்குத் தெரிய வேணாம். குளிக்கப் பீலிக்கும் போக வேணாம், பின்னால தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன்.

நேத்து நீங்க சட்டையைத் தூக்கிக் காட்டினப்ப நான் சிரிச்சது தப்பு. பயந்துட்டேன். பயந்தா எனக்குச் சிரிப்புத்தான் வரும், பதினாறு வருஷமா பார்க்குறீங்கதானே.

செல்வநாயகி

இன்னொரு சாவி பக்கத்து வீட்டுக் கோகிலாகிட்ட இருக்கு. மத்தியானம் எட்டிப் பார்ப்பா, அவளைத் திட்டாதீங்க.

உள் தாழ்ப்பாளைத் தேடாதீங்க. கழட்டி என் பையில போட்டுக்கிட்டேன்.